நிறுத்த அஞ்சிய எஞ்சின்

எம்.இ.எஸ். என்று மூன்றெழுத்தில் வழங்கும் ராணுவப் பொறியியல் சேவையில், மின்சாரமும் யந்திரங்களும் சம்பந்தப்பட்ட பிரிவில் மேற்பார்வையாளனாக 1979ஆம் ஆண்டில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்த முப்பத்தெட்டில் லடாக்கில் கழித்தது மூன்று தவணையாக ஐந்து வருஷமே என்றாலும், தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் என் நாவில் முதலில் வந்து நிற்பது அந்த ஐந்து வருஷந்தான். சென்னையிலும் பெங்களூரிலும் புணேயிலும் நான் பார்த்த வேலை, உயர் அழுத்தக் கம்பியில் வந்த மின்சாரத்தை வாங்கிக் கீழே இறக்கிப் பகிர்ந்து கொடுக்கும் வேலை. அங்கே ஒரு விளக்கு வீணாக எரிந்தால் மாதக் கடைசியில் பில்தொகை சிறிது கூடும், அவ்வளவுதான். லடாக்கிலோ ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் எண்ணெயாகப் பிறந்து, லாரியேறிக் கணவாய்களைக் கடந்து, பீப்பாயாக உருண்டு, சில இடங்களில் கோவேறு கழுதையின் முதுகிலும் மனிதரின் முதுகிலும் ஏறி வந்து சேர்ந்ததாகையால், ஒரு பல்பின் வெளிச்சத்தைப் பார்க்கும்போதே அதற்குப் பின்னால் மூச்சு வாங்கி நிற்கிற ஒரு சுமைக்காரனின் முகமும் சேர்ந்து தெரியும்.

எண்ணெய் எஞ்சினோடு என் பழக்கம் இலாகாவில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்களுக்கு ஒரு கிணறும், கிணற்றடியில் ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றும் இருந்தன. தண்ணீர் வற்றிப் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியதும் எஞ்சினின் சப்தம் மாறும். எனக்கு அது காதில் விழுவதற்கு முன்பே, நாலு வரப்புக்கு அப்பால் மண்வெட்டியோடு நிற்கிற என் தகப்பனாருக்கு விழுந்துவிடும். "லேய், வெறும் ஓட்டம் ஓடுதுல, நிப்பாட்டு! வெறும் ஓட்டம் ஓடுத எஞ்சினும் கட்டுத்தறியில நிக்குத மாடும் ஒண்ணுதான்; தீனி மட்டும் குறையாது" என்று அங்கிருந்தே கத்துவார். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததைக் காட்டிலும் இந்த ஒரு வாக்கியம் பிற்காலத்தில் எனக்கு அதிகமாக உதவிற்று. ஆனால், அந்த வாக்கியத்தை மாத்திரம் நம்பி நான் செய்த ஒரு காரியம் என்னைத் தலைகுனியவும் வைத்தது. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

1991 அக்டோபரில் சண்டிகரிலிருந்து ராணுவ விமானத்தில் லே நகரில் போய் இறங்கினேன். கடல் மட்டத்துக்கு மேல் 11,500 அடி. வந்தவன் ஆறு நாள் ஒரு வேலையும் செய்யாமல் உடம்பை அந்தக் காற்றுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கட்டிலில் கிடந்த அந்த ஆறு நாளும், படியேறினால் எனக்கு இரைக்கிற மூச்சு எஞ்சினுக்கும் இரைக்குமே என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது. உண்மையும் அதுதான். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. டர்போ இல்லாத சாதாரண டீசல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று வீதம் சக்தியை இழந்துகொண்டே போவதால், தகட்டில் 62.5 கே.வி.ஏ. என்று பொறித்திருக்கும் ஜெனரேட்டர் அங்கே நாற்பதைத் தாண்டினாலே கறுப்புப் புகையைக் கக்கத் தொடங்கும். அந்தக் கறுப்புப் புகை, எரியாமல் வெளியே போகிற எண்ணெய்தான். மெல்லிய காற்று குளிரச் செய்வதிலும் சோம்பலானது. ஆகையால் வெளியே நீர் உறைந்து கிடக்க, உள்ளே ஆல்டர்னேட்டரின் சுருள்கள், அதே சுமைக்கு, சுற்றுக்காற்றின் உஷ்ணத்துக்கு மேல் சமவெளியில் ஏறுவதைவிட அதிகப் பாகை சூடேறும் விசித்திரத்தையும் அங்கே காணலாம்.

எண்ணெய் வந்து சேரும் வழியையும் சொல்ல வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு வரும் சாலை நானூறு கிலோ மீட்டருக்குச் சற்று மேல். ஸோஜி லா, நமிகா லா, போட்டு லா என்று கணவாய்க்குப் பின் கணவாயாக ஏறி இறங்கும். ஸோஜி லாவில் பனி விழுந்து மூடிக்கொண்டால், அந்தக் காலத்தில் வசந்தம் வரைக்கும் திறக்காது. ஆகவே, கோடையின் சில மாதங்களுக்குள் குளிர்காலம் முழுவதுக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, டீசல், மண்ணெண்ணெய் அனைத்தையும் ஏற்றிக் குவித்துவிட வேண்டும். நூப்ரா பள்ளத்தாக்குக்கும் அதற்கு அப்பாலுள்ள சியாச்சின் பக்கத்துக்கும் போகிற பீப்பாய் இன்னும் ஒரு கணவாயை, 17,500 அடிக்கு மேலான கர்துங் லாவை, ஏறிக் கடக்க வேண்டும். 1984 ஏப்ரலில் நம் படை சியாச்சினை ஒட்டிய சால்டோரோ முகடுகளில் ஏறி நின்ற நாள் தொட்டு, அங்கே அடுப்பெரிப்பதும் கம்பியில்லாத் தந்தி பேசுவதும் இந்தப் பீப்பாய்களின் தயவில்தான். சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் இருபது லிட்டர் ஜெர்ரிகேனாக அது உருமாறும். சுமைக்காரர் கொஞ்ச தூரம், சீட்டா ஹெலிகாப்டர் கொஞ்ச தூரம். காற்று மெலிந்த உயரத்தில் ஹெலிகாப்டராலும் அதிகம் தூக்க முடியாது. ஒரு கேனை இறக்கிவிட்டுத் திரும்புவதற்கு அது குடிக்கிற எண்ணெயையும் அந்தக் கேனின் விலையில் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

அந்த முதல் குளிர்காலத்தில், கர்துங் லாவுக்கு அப்பால், பெயர் சொல்லலாகாத ஒரு முன்னணி முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். உயரம் பன்னிரண்டாயிரம் அடிக்குச் சற்று மேல். அங்கே மதராஸ் ஸாப்பர்ஸ் படையின் சிறு பிரிவு ஒன்று இருந்தது. 1780இல் தோன்றிய அந்தப் பழைய படையின் வீரர்களை, ராணுவத்தில் வடக்கத்தியாரும் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நாகர்கோவில் பக்கத்து ஹவில்தார் ஒருவர் ஜெனரேட்டருக்குப் பொறுப்பாளர். முதல்நாள் ராத்திரி பெரும்பாலான விளக்குகள் அணைந்த பிறகும், பெரிய எஞ்சின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருப்பது கேட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு எஞ்சின் கொட்டகைக்குப் போனேன். அம்மீட்டர் முள் பூஜ்யத்தைவிட்டு நகர மனமில்லாமல் நின்றது. சைலன்சரின் இணைப்பிலிருந்து தார் போன்ற கறுப்பு எண்ணெய் சொட்டிப் பனியில் கறையாகப் பரவியிருந்தது.

"ராத்திரி பூரா இது எதுக்குத் தம்பி ஓடணும்? நாலு பல்பும் ஒரு வயர்லெஸ்ஸுந்தான எரியுது?" என்றேன்.

"நிப்பாட்டினா காலையில எந்திரிக்காது அண்ணாச்சி. போன வருஷம் ஒரு தடவை நிப்பாட்டிட்டு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஓடுதது ஓடட்டும்" என்றார் அவர்.

நான் புத்தகக் கணக்கைப் போட்டேன். நல்ல சுமையில் ஓடுகிற டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். சுமை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே லிட்டர் ஒன்றரை யூனிட் கொடுப்பதே அபூர்வம். அது மட்டுமல்ல, சுமையில்லாத எஞ்சினின் உள்ளே உஷ்ணம் போதாமல், எரியாத எண்ணெய் கரியோடு சேர்ந்து வால்விலும் வளையத்திலும் புகைக்குழாயிலும் படிந்து, சில மாதத்தில் எஞ்சினையே பிரித்துத் துடைக்க வேண்டியதாகும். மணிக்கு நான்கு லிட்டர், பதினான்கு மணி நேர ராத்திரி. நாலு பல்புக்கும் ஒரு வயர்லெஸ்ஸுக்கும் ஐம்பத்தாறு லிட்டர்! தகப்பனாரின் குரல் காதில் ஒலித்தது. மறுநாள் இரவு எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஹவில்தார் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், பிறகு நிறுத்தினார்.

அன்றிரவு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 27 பாகை. காலையில் எஞ்சின் எழுந்திருக்கவில்லை. எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருந்த மசகெண்ணெய் வெல்லப்பாகுபோல் இறுகிவிட்டிருந்தது. டீசலிலிருந்த மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டார்ட் செய்யும் பேட்டரி பக்கவாட்டில் விரிந்து வெடித்திருந்தது. பேட்டரியின் திராவகம் நன்றாகச் சார்ஜ் ஏறி, தண்ணீரை 1000 என்று வைத்து அளக்கும் ஒப்படர்த்தியில் 1280 கிராவிட்டியில் இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் அறுபது பாகை வரை உறையாது. சார்ஜ் இறங்கி 1100க்கு வந்துவிட்டாலோ எட்டுப் பாகையிலேயே உறைந்து ஓட்டைப் பிளந்துவிடும். ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒரு தடவை சோதித்திருந்தால் முந்தின மாலையே அது எனக்குத் தெரிந்திருக்கும், நான் சோதிக்கவில்லை. புளோ லாம்பால் சம்பைக் காய்ச்சி, வேறொரு வண்டியின் பேட்டரியைக் கழற்றி வந்து கட்டி, எஞ்சின் உயிர் பெறுவதற்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் விளக்கில்லை, பம்பில்லை. வயர்லெஸ்ஸின் பேட்டரிகளும் இறங்கிக்கொண்டே வந்தன. முகாம் அதிகாரி என்னைத் திட்டவில்லை, "எண்ணெய் மிச்சம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்த ஹவில்தார் எண்ணெயை வீணாக்கியது சோம்பலாலோ அலட்சியத்தாலோ அல்ல. எஞ்சின் மீண்டும் எழாது என்ற பயத்தால். அந்தப் பயம் நியாயமானது. தூரத்து முகாம்களில் மின்சக்தி விரயமாவதைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ அறிக்கைகள் படித்தேன். நானே சில எழுதினேன். விரயத்தின் ஒவ்வோர் இனத்தையும் அடிவேர் வரைக்கும் தோண்டிப் பார்த்தால் அங்கே ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பயத்துக்குப் பரிகாரம் காணாமல் சிக்கனத்தை மட்டும் உபதேசித்தால் என்னாகும் என்பதற்கு என்னுடைய வெடித்த பேட்டரியே சாட்சி.

ஆகவே, நிறுத்திய எஞ்சினைக் காலையில் எழுப்பும் வித்தையை முதலில் கற்றேன். கற்றுக் கொடுத்தவரும் அதே ஹவில்தார்தான். இரவு எஞ்சினை நிறுத்தியதும் மசகெண்ணெயைச் சூடாக இருக்கும்போதே ஒரு டின்னில் வடித்து லங்கர் என்கிற முகாம் சமையற்கூடத்துக்குக் கொண்டுபோய் அடுப்போரமாக வைப்பார். காலையில் மீண்டும் சுடவைத்து ஊற்றுவார். டீசலில் மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் மெழுகு பிரிவது தாமதப்படும். பேட்டரியைக் கழற்றித் தம் கட்டிலடியில், பழைய கம்பளியில் சுற்றி வைத்துக்கொள்வார். கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல ராத்திரி இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார். இதையே நான் சற்று ஒழுங்காக்கினேன்: மரப்பெட்டிக்குள் தெர்மோகோல் பதித்து, வாயு வெளியேற மேலே துளையிட்டு, லங்கரின் அடுப்புச் சுவரை ஒட்டி அதை நிறுத்தி, எல்லாப் பேட்டரிகளுக்கும் அதுவே வீடு என்று விதித்தேன். நாள்தோறும் மாலையில் கிராவிட்டி பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது கட்டாயமாயிற்று.

பெரிய எஞ்சினுக்குத் துணையாக 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று கேட்டு எழுதினேன். இருக்கிற பெரிய ஜெனரேட்டரே போதாதென்று இன்னும் பெரியது கேட்பவர்களைத்தான் மேலிடம் பார்த்திருக்கிறது. சிறியது கேட்டவனை விநோதமாகப் பார்த்தது. கடைசியில் அடுத்த வேனிற்காலத்து லாரி ஒன்றில் அது வந்து சேர்ந்தது. இரவுச் சுமைக்கு அதுவே தாராளம். மணிக்கு ஒன்றரை லிட்டர். அது மக்கர் செய்தால் பெரியது இருக்கிறது, பெரியதை எழுப்பச் சூடான பேட்டரி இருக்கிறது என்ற தைரியம் வந்த பிறகு, நிறுத்தச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. முதல் வாரம் ஹவில்தார் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தார். இரண்டாவது வாரம் ஒரு தடவை. மூன்றாவது வாரம் அவர் குறட்டை விடுவதைக் கேட்டேன். என் குறிப்புப் புத்தகத்தின்படி, ஆறு ராத்திரிக்கு ஒரு பீப்பாய் மிச்சம். ஆறு மாதக் குளிர்காலத்துக்கு முப்பது பீப்பாய். மூன்று டன் லாரிக்கு இரண்டு சுமை. அந்த இரண்டு லாரியும் கர்துங் லாவின் பனிவழுக்கலில் ஏற வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

பயத்தின் அடுத்த வடிவம் செங்கல் ஹீட்டர். ராணுவ முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை வருணிக்க வேண்டியதில்லை: செங்கல்லில் உளியால் வாய்க்கால் வெட்டி, கடையில் வாங்கிய சுருட்கம்பியை அதில் படுக்கவைத்து, இரண்டு ஒயரை நேரே சாக்கெட்டில் சொருகுகிற சாதனம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் இழுக்கும். சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றால் மாயமாய் மறையும். போனதும் கட்டிலடியில் சிவக்கும். தடை செய்து உத்தரவு போடலாம்; போட்டார்கள், பலனில்லை. ஏனென்றால், அதிகாரபூர்வமான வெப்ப சாதனமான புகாரி, மண்ணெண்ணெயில் எரிகிற அந்த இரும்படுப்பு, புகைக்குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்ஸைடைக் கக்கி, தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். அந்த அச்சத்தால் அதை இரவில் அணைத்துவிடுவார்கள். அணைத்த அரைமணியில் தகரக் கூரை வழியாகவும், பலகைத் தரை வழியாகவும், கதவிடுக்கு வழியாகவும் சூடு முழுவதும் வெளியேறிவிடும்.

நோய் கட்டிடத்தில் இருந்தது. நாங்கள் மருந்தை ஜெனரேட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இது தெளிவானதும், ஒரு பாரக்கை மாத்திரம் சோதனைக்கு எடுத்தேன். கூரைக்குக் கீழே இன்னொரு கூரையாக இரட்டைப் பலகை அடித்து இடையே கண்ணாடிப் பஞ்சு திணித்தோம். தரையில் பழைய தார்ப்பாயும் தெர்மோகோலும் விரித்து மேலே பலகை போட்டோம். வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன நடையும் இரண்டாவது கதவும் வைத்தோம், முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவது திறக்கும்படி. தெற்குப் பார்த்த சுவரை உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கனத்த மண்கல்லில் எழுப்பிக் கறுப்படித்துக் கொடுத்தார். அதன் முன்னே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கண்ணாடிச் சட்டம் நிறுத்தினோம். பகலெல்லாம் சூரியனைக் குடிக்கிற அந்தச் சுவர், ராத்திரி பாதி வரைக்கும் உள்ளே வெப்பத்தைக் கசியவிட்டது. எட்வர்டு மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1881இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும், பிற்பாடு பிரான்சில் ஓதேயோ என்ற மலையூரில் இதைப் பயன்படுத்திப் பரப்பிய பெலிக்ஸ் திரோம்பின் பெயரே இந்தச் சுவருக்கு நிலைத்துவிட்டது என்பதும் நான் பின்னால் படித்து அறிந்தவை. அந்த பாரக்கில் செங்கல் ஹீட்டர் ஒன்றிரண்டு நாளில் தானாகவே காணாமற்போயிற்று. தேடிப் பார்த்தபோது அந்தச் செங்கல்லை யாரோ கதவு முட்டுக்கு வைத்திருந்தார்கள்.

எஞ்சினின் புகையும் எங்களுக்கு வேலை செய்தது. டீசலில் இருக்கும் சக்தியில் மின்சாரமாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். மிச்சம் புகையிலும் ரேடியேட்டரிலும் போய்விடுகிறது. மறுபக்கத்திலோ, பனிக்கட்டியை உருக்கித் தண்ணீராக்க மண்ணெண்ணெய் எரிக்கிறோம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் 80 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவு உஷ்ணத்தில் அதே தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து எண்பது பாகை வரை காய்ச்சிவிடலாம். எனவே எஞ்சினின் புகைக்குழாயை நீட்டி, பனி நிரப்பிய ஓர் இரும்புப் பீப்பாயின் வயிற்றினூடே செலுத்தி அப்பால் விட்டோம். குழாயைக் குறுக்கினால் புகை பின்னே தள்ளி எஞ்சினை மூச்சடைக்க வைக்கும் என்பதால் அகலமான குழாயாகவே போட்டோம். பகல் ஓட்டத்தில் கிடைத்த வெந்நீரைக் கண்டதும் ஜவான்கள் குளிக்க வரிசையில் நின்றார்கள். மூன்று வாரமாகக் குளிக்காதவர்கள்.

பூமியிணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எர்த் கிடைத்துவிடும். லடாக்கின் வறண்ட சரளையும் உறைந்த மண்ணும் மின்சாரத்தை ஏற்பதே இல்லை. மெக்கர் என்ற தடையளக்கும் கருவியில் அளந்தால் முள் ஓடிப்போய் மறு ஓரத்தில் நிற்கும். கம்பியை நீளமாக இழுத்து ஓடைப்படுகையின் ஈரத்தில் தகட்டைப் புதைப்பதுவரை பல உபாயங்களை நான் செய்து பார்த்ததுண்டு. பி.வி.சி. கேபிளைக் குளிரில் வளைத்தால் அப்பளம்போல் உடையும் என்பதையும் அங்கேதான் கற்றேன். சுருளை ஒருநாள் முன்பே அறைக்குள் கொண்டுவந்து சூடேற்றி, நண்பகலில்தான் விரிப்போம்.

2002இல் இரண்டாவது தவணை. அதற்குள் சூரிய மின்சாரம் வந்துவிட்டிருந்தது. வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் வெயில் அடிக்கிற பிரதேசம். மாசற்ற மெல்லிய காற்று. போதாததற்குப் பனியிலிருந்து எதிரொளி வேறு. குளிரக் குளிர பானல்கள் அதிகமாகக் கொடுக்கும் என்பது இன்னொரு சௌகரியம். ஒரு கம்பெனியார் வந்து எங்கள் முகாமில் பானல்களை மாட்டி, படம் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பினார்கள். குளிரில் அதிகம் கொடுக்கிற அந்தச் சௌகரியமே வில்லங்கமாக முடிந்தது. நாலு பானலைத் தொடராக இணைத்தால் 84 வோல்ட் என்று அவர்கள் கணக்கிட்டது, 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. ஜனவரி காலையில், பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகையில் விறைத்துக் கிடந்த பானலின் மேல் முதல் வெயில் விழுந்தபோது வோல்டேஜ் 97ஐத் தாண்டியது. 90 வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. மாற்றுச் சாமான் வேனிற்காலத்தில்தான் வரும். அதுவரைக்கும் அந்த நீலப் பலகைகள் வெறுமனே வெயில் காய்ந்தன. அதைவிடப் பெரிய நஷ்டம், 'சூரியன் நமக்கு ஒத்துவராது' என்று அந்த முகாமில் பரவிய பேச்சு. ஒரு தடவை ஏமாந்த முகாம் மூன்று வருஷத்துக்கு அதை நம்பாது. மீண்டும் எஞ்சின் ராத்திரியெல்லாம் ஓடத் தொடங்கும்.

நாங்களே அதைச் செப்பனிட்டோம். தொடருக்கு மூன்று பானலாகக் குறைத்தோம். தட்டையாகப் படுக்க வைத்திருந்தவற்றை ஐம்பது பாகைச் சாய்வில் நிமிர்த்தினோம். 34 பாகை அட்சரேகையில் தாழ்ந்து போகிற குளிர்காலச் சூரியனுக்கு அதுதான் நேர், விழுகிற பனியும் தானாக வழுக்கி விழும். பேட்டரிகள் பழையபடி லங்கர்ச் சுவரோரத்துப் பெட்டிக்குள் புகுந்தன. எல்லாவற்றையும் சூரியனில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, வயர்லெஸ் அறையையும் மருத்துவ அறையையும் மட்டும் அதில் இணைத்தேன். ஒருநாள் ஜெனரேட்டர் பழுதாகி முகாம் முழுவதும் இருண்டபோது, அந்த இரண்டு அறைகளில் மாத்திரம் விளக்கு எரிந்தது. அன்று முதல் மற்ற அறைக்காரர்களும் தமக்கும் பானல் வேண்டும் என்று கேட்டு வரத் தொடங்கினார்கள்.

எண்ணெய்ச் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற பாடம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் 2006ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்தளபதி ஒருவர், எண்ணெய் லாரித் தொடர்களைக் குறைக்கும் பொருட்டுச் சூரியசக்தி சாதனங்களை அவசரமாக அனுப்பும்படி தம் மேலிடத்துக்கு எழுதினார். ஆப்கானிஸ்தானத்தில் 2007ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த அமெரிக்க ராணுவ ஆய்வு ஒன்று, எரிபொருள் வாகனத் தொடர் இருபத்து நான்குக்கு ஒருவர் வீதம் உயிரிழந்தோ காயமடைந்தோ போனதாகக் கண்டது. அங்கே சாலையோரத்தில் வெடிகுண்டு. இங்கே பனிச்சரிவும் பள்ளமும். எண்ணெயின் விலையை ரூபாயில் எழுதுகிற எந்தக் கணக்குப் பேரேட்டிலும் இந்த உயிர்களைக் குறிக்கும் பத்திக்கு இடமில்லை.

என் கடைசித் தவணையின்போது காலம் மாறிவிட்டிருந்தது. 2014இல் சிந்து நதியில் நிமு–பாஸ்கோ நீர்மின் நிலையம் 45 மெகாவாட் திறனோடு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நான் ஓய்வு பெற்ற பின், 2019 பிப்ரவரியில், ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரைக்கும் 220 கிலோவோல்ட் மின்பாதை திறக்கப்பட்டு, லடாக் முதல் தடவையாக நாட்டின் மின்தொகுப்போடு சேர்ந்தது. அதே வருஷம் நவம்பரில், பூஜ்யத்துக்குக் கீழ் 33 பாகை வரை ஒழுகுந்தன்மை குன்றாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது என்று பத்திரிகையில் படித்தபோது, மண்ணெண்ணெய் கலந்த ஹவில்தாரின் கைகளை நினைத்துக்கொண்டேன். 2021இல் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக், வெயிலைப் பகலில் தேக்கி இரவில் சூடு கொடுக்கும் கூடாரத்தைப் படைவீரர்களுக்கென்று செய்து காட்டினார். பத்துப் பேர் தூங்கலாம், பாகம் பாகமாகக் கழற்றித் தூக்கிப் போகலாம். 2023 மார்ச்சில் ராணுவமும் மின்னுற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யும் சூரியனிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துச் சேமித்து இரவில் மின்சாரமாக்கும் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. இவையெல்லாம் நல்ல காரியங்கள். நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், மின்பாதை எட்டாத முகாம்கள் இன்னும் உண்டு. எட்டினாலும் ஒரு பனிச்சரிவில் கம்பி அறுந்து போகக்கூடிய முகாம்கள் அதைவிட அதிகம். அங்கே போகப் போகிற இளம் பொறியாளர்களுக்கு, வயதானவன் என்ற உரிமையில் ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். ஜெனரேட்டரின் அளவையும் பானலின் எண்ணிக்கையையும் காகிதத்தில் குறிப்பதற்கு முன்னால், ஜனவரி மாதத்தில் அந்த முகாமில் ஓர் இரவு தங்குங்கள். எஞ்சினுக்குப் பொறுப்பான ஆளைத் தேடிப் போய், எதை நிறுத்த அவருக்குப் பயம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, உங்கள் கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள். பேட்டரியின் கிராவிட்டியை நீங்களே சோதித்துவிட்டுத் தூங்கப் போங்கள். நான் அதைச் செய்யாமல் தூங்கினேன்.